பௌலிங்கில் ஹூக் போடுவது எப்படி: மணிக்கட்டை விடுங்கள், கட்டைவிரலைக் கவனியுங்கள்

பௌலிங் என்றதும் கிரிக்கெட் பக்கம் போய்விடாதீர்கள். நான் சொல்வது பளபளவென்று நீண்டு கிடக்கும் தரையில் (அதுதான் லேன்) கனத்த பந்தை உருட்டிவிட்டு, அந்தக் கோடியில் புட்டி மாதிரி நிற்கும் பத்து கட்டைகளை, அதாவது பின்களை, சாய்க்கிற ஆட்டத்தை. நாலைந்து தடவை ஆடிய யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும். பக்கத்து லேனில் ஒருவர் பந்தை விடுவார், அது வலது ஓரத்துக் கட்டரை, அதாவது ஓரப் பள்ளத்தை, பார்த்துப் போகும், 'போச்சு' என்று நாம் நினைக்கும்போதே யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இடது பக்கம் திரும்பி, நடுவில் புகுந்து, பத்தையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போகும். அதுதான் ஹூக். பார்த்த கையோடு நாமும் அடுத்த பந்தை மணிக்கட்டை முறுக்கி விட்டுப் பார்ப்போம். ஒன்று அது நேராகவே போகும், இல்லையென்றால் கட்டரில் விழும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறு வாரம் முறுக்கிப் பார்த்ததில் மணிக்கட்டு வலி வந்தது, ஹூக் வரவில்லை.

அப்புறம்தான் புரிந்தது, பந்தைத் திருப்புகிற வேலை தரையுடையது. கை செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: பந்து தரையைத் தொடும் நேரத்தில் அதற்குச் சாய்வாக ஒரு சுழற்சியைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது. அந்தச் சுழற்சி வருவதும் வராததும் கட்டைவிரல் எப்போது துளையை விட்டு வெளியே வருகிறது என்பதைப் பொறுத்தது. மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

வலது கைக்காரர்களை வைத்தே எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றிக்கொள்ளுங்கள்.

எதற்கு இந்த வளைவு?

நேராக விட்டாலே பின்கள் விழுகின்றனவே என்று கேட்கலாம். விழும்தான். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபவுல் லைனிலிருந்து, அதாவது பந்தை விடும்போது கால் தாண்டக் கூடாத கோட்டிலிருந்து, முதல் பின் வரை 60 அடி. லேனின் அகலம் ஏறத்தாழ 41½ அங்குலம், அது 39 பலகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒரு பலகை ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகம். (பல இடங்களில் இப்போது நிஜ மரமே கிடையாது, செயற்கைத் தரைதான். ஆனாலும் பலகைக் கோடுகளை அதன்மேல் அச்சடித்து வைத்திருப்பார்கள், ஏனென்றால் எல்லோரும் அந்தக் கோடுகளை எண்ணித்தான் குறி பார்க்கிறார்கள்.) பின்கள் முக்கோணமாக நிற்கும், முன்னால் ஒன்று, அடுத்தடுத்த வரிசைகளில் இரண்டு, மூன்று, நாலு; எண்களும் முன்னாலிருந்து பின்னாக, இடமிருந்து வலமாக. ஸ்ட்ரைக் விழ, அதாவது முதல் பந்திலேயே பத்தும் சாய, பந்து போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் இடைப்பட்ட சந்து, அதற்குப் பெயர் பாக்கெட். வலது ஓரத்திலிருந்து எண்ணினால் பதினேழாவது பதினெட்டாவது பலகைப் பக்கம் வரும்.

லேனின் வலது விளிம்பிலேயே பந்தை வைத்து நேர்க்கோட்டில் பாக்கெட்டுக்கு விட்டாலும் 60 அடி தூரத்தில் அது பக்கவாட்டில் நகர்வது ஒன்றரை அடிக்குள்தான். கோணமாகச் சொன்னால் ஒன்றரை டிகிரி கூட வராது. பாக்கெட்டில் பந்து நுழைய 6 டிகிரி அளவுக்குக் கோணம் இருந்தால் பத்தும் விழுகிற வாய்ப்பு மிக நன்றாக இருக்கும் என்பது ஆட்டக்காரர்கள் கைக்கொள்கிற கணக்கு. எவ்வளவு ஓரத்தில் போய் நின்றாலும் நேர்க்கோட்டில் அந்த 6 டிகிரியைத் தொடவே முடியாது. முதலில் வெளியே போய், பிறகு உள்ளே திரும்பினால்தான் உண்டு.

கோணம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பந்து பின்னை அடிக்கிற மாதிரியே பின்னும் பந்தைத் தள்ளும். ஒரு பின்னின் எடை மூன்றரை பவுண்டு, அதாவது ஒன்றரைக் கிலோவுக்கு மேல். நேராக வருகிற பந்து முதல் பின்னின் தோளில் பட்டதும் வலது பக்கம் ஒதுங்கிப் போய்விடும், பின்னால் நடுவில் நிற்கிற ஐந்தாம் பின் அலுங்காமல் நிற்கும். சாய்வாக நுழைகிற பந்தோ ஒதுங்கினாலும் உள்நோக்கிய வேகம் மிச்சம் இருப்பதால் ஐந்தையும் போய்த் தட்டும். ஒரு சுத்தமான ஸ்ட்ரைக்கில் பந்து தொடுவது நாலே நாலு பின்களைத்தான்: ஒன்று, மூன்று, ஐந்து, ஒன்பது. ஒன்று போய் இரண்டை அடிக்கும், இரண்டு நாலை, நாலு ஏழை. இந்தப் பக்கம் மூன்று ஆறை, ஆறு பத்தை. ஐந்து போய் எட்டை. மற்றவற்றைப் பின்களே பார்த்துக்கொள்கின்றன. அடுத்த தடவை மெதுவோட்டத்தில் ஒரு ஸ்ட்ரைக்கைப் பார்க்கக் கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு இந்தச் சங்கிலியைப் பாருங்கள், அது தனி அழகு.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வளைவுதான் நல்ல வளைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவின் வால்டர் ரே வில்லியம்ஸ் ஜூனியர் பிபிஏ என்கிற தொழில்முறை பௌலர்கள் சங்கத்தின் போட்டிகளில் 47 பட்டங்கள் வென்றவர், அது அங்கே சாதனை எண்ணிக்கை, ஆனால் அவர் பந்து மற்ற பெரிய ஆட்டக்காரர்களோடு ஒப்பிட்டால் ரொம்பவே நேராகத்தான் போகும். மனிதர் குதிரை லாடம் எறிகிற போட்டியிலும் உலகப் பட்டம் வென்றவர் என்பது இங்கே தேவையில்லாத தகவல், ஆனால் எனக்குப் பிடிக்கும்: குறி பார்ப்பதுதான் அவர் தொழில். தொடங்குகிற நமக்கு நாலைந்து பலகை திரும்புகிற சின்ன ஹூக், அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி திரும்புகிற ஹூக் போதும்.

தரைக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய்

லேனில் எண்ணெய் பூசியிருப்பார்கள் என்பது புதிதாக வருகிறவர்கள் பலருக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. ஃபவுல் லைனிலிருந்து சுமார் 40 அடி வரைக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம், அதற்கப்புறம் பின்கள் வரை உள்ள 20 அடி காய்ந்த தரை. பொழுதுபோக்குக்காக ஆடுகிற இடங்களில் நடுவில் எண்ணெய் அதிகமாகவும் இரண்டு ஓரங்களிலும் குறைவாகவும் போடுவது வழக்கம்.

இப்போது இதை யோசித்துப் பாருங்கள். மழையில் நனைந்த சாலையில் ஒரு கார் வழுக்கிக்கொண்டு போகிறது. ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்துத்தான் வைத்திருக்கிறார், சக்கரமும் திரும்பித்தான் இருக்கிறது, ஆனாலும் வண்டி நேராகவே போகிறது. காய்ந்த இடம் வந்து டயர் தரையைப் பிடித்த நொடியில் சடக்கென்று இடது பக்கம் வெட்டித் திரும்புகிறது. ஹூக் என்பது முழுக்க முழுக்க இதுதான். நீங்கள் கொடுக்கிற பக்கச் சுழற்சி ஒடித்து வைத்த ஸ்டீயரிங், எண்ணெய் ஈரச் சாலை, கடைசி 20 அடி காய்ந்த இடம்.

எவ்வளவு வழுக்குகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பந்தின் விட்டம் எட்டரை அங்குலம், சுற்றளவு ஏறத்தாழ 27 அங்குலம். மணிக்கு 26 கிலோமீட்டர் வேகத்தில் விட்டால் 60 அடியைக் கடக்க இரண்டரை விநாடி ஆகும். அந்த வேகத்தில் வழுக்காமல் உருள வேண்டுமென்றால் விநாடிக்குப் பத்து சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். ஓரளவு நன்றாக ஆடுகிறவர் கையிலிருந்து வருவது நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது விநாடிக்கு ஐந்து. ஆக, கையை விட்டுப் போகும்போது பந்து பாதி உருண்டு பாதி சறுக்கிக்கொண்டுதான் போகிறது. முதலில் சறுக்கல், அடுத்து தரையைப் பிடித்து வளைதல், கடைசியில் வளைவு முடிந்து கனமாக உருளுதல். இந்த மூன்றும் இந்த வரிசையில் நடந்து, உருளத் தொடங்குகிற நேரத்தில் பின்களைச் சந்தித்தால் அடி பலமாக விழும்.

இதிலிருந்தே ஒரு விஷயம் தெரிகிறது பாருங்கள். பந்தை ஓங்கி வேகமாக விட்டால் தரைக்கு அதைப் பிடிக்க நேரமே கிடைக்காது. ஹூக் வரவில்லை என்று புலம்புகிற பலருக்கும் கைப் பழக்கத்தில் பெரிய குறை இருக்காது, வேகம்தான் அதிகம். குறிப்பாகக் கைப்பலம் உள்ள இளைஞர்கள்.

பந்தைப் பற்றிக் கொஞ்சம்

அங்கே அடுக்கில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிற பந்துகள் பெரும்பாலும் பாலியெஸ்டர், பேச்சு வழக்கில் பிளாஸ்டிக் பந்து. மேல் தோல் கண்ணாடி மாதிரி வழவழப்பு, எண்ணெயில் ஏறினால் வழுக்கிக்கொண்டே போகும். யூரித்தேன் பந்து கொஞ்சம் பிடிக்கும். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் பந்துகளின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு, எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு தரையைக் கவ்வும். பக்கத்து லேன்காரரின் பந்து அப்படித் திரும்பியதில் பாதிப் பெருமை இந்தத் தோலுக்குத்தான், உள்ளே வைத்திருக்கிற கனமான கருவின் வடிவத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால் பொதுப் பந்தை வைத்துக்கொண்டு அவர் மாதிரி வரவில்லையே என்று மனம் தளர வேண்டாம்.

அப்படியென்றால் முதலில் சொந்தப் பந்து வாங்க வேண்டுமா? வேண்டாம். கைப்பழக்கத்தைப் பிளாஸ்டிக் பந்திலேயே கற்றுக்கொள்வதுதான் நல்லது என்பது என் கட்சி. அதில் இரண்டு பலகை திரும்ப வைத்துவிட்டீர்கள் என்றால் ரியாக்டிவ் பந்தில் தானாகவே பத்துப் பலகை வரும். முதலிலேயே நல்ல பந்து வாங்கினால் அது எப்படி விட்டாலும் ஏதோ திரும்பித் தொலைக்கும், கை செய்கிற தப்பு தெரியாமல் போய்விடும்.

ஆனால் துளை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கட்டைவிரல் அடிவரை உள்ளே போக வேண்டும், வெளியே எடுக்கும்போது தோல் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். தொளதொளவென்று இருந்தால் பந்து விழுந்துவிடுமோ என்ற பயத்தில் நம்மை அறியாமலே இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடித்த கட்டைவிரல் சரியான நேரத்தில் வெளியே வராது, அதோடு ஹூக்கும் போச்சு. நடுவிரலும் மோதிரவிரலும் பொதுப் பந்தில் இரண்டாவது கணு வரைக்கும் உள்ளே போகும். கைக்கு அளவெடுத்துத் துளையிட்ட பந்தில் முதல் கணு வரைக்கும்தான், அதில் விரல் பந்தைத் தூக்கிவிட வசதி அதிகம், சுழற்சியும் அதிகம். எடை என்று பார்த்தால் கை தளர்வாக ஊஞ்சல் மாதிரி ஆட முடிகிற எடை எதுவோ அதுதான் உங்கள் எடை. விதிப்படி 16 பவுண்டு வரை போகலாம் என்பதற்காக அதை எடுத்துத் தோளைப் பாழாக்கிக்கொள்ள வேண்டாம்.

கை என்ன செய்ய வேண்டும்

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள், கையில் ஒரு தேங்காய் அளவு பந்து ஏதாவது இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கை பின்னாலிருந்து முன்னால் வீசி வரும்போது உள்ளங்கை பந்துக்குப் பின்னாலும் அடியிலுமாக இருக்க வேண்டும். பந்துக்கு நேர் பின்னால் ஒரு கடிகாரம் இருப்பதாக வைத்துக்கொண்டால் கட்டைவிரல் 12 மணியில், மற்ற இரண்டு விரல்களும் 6 மணியில். வீச்சு கணுக்காலைக் கடக்கும் நேரம் வரைக்கும் இப்படியே வர வேண்டும். இதற்கு முன்னால் கையைத் திருப்பவே கூடாது. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள்.

கணுக்காலைத் தாண்டியதும் முதலில் கட்டைவிரல் துளையிலிருந்து நழுவி வெளியே வருகிறது. நாம் அதை வெளியே இழுப்பதில்லை, பிடி தளர்வாக இருந்தால் பந்தின் கனமே அதைக் கழற்றிவிடும். இப்போது ஒரு கண்ணிமைப்பு நேரத்துக்குப் பந்து முழுவதும் அந்த இரண்டு விரல்களில் மட்டும் தொங்குகிறது. ஹூக் பிறக்கிற இடம் அந்தக் கண்ணிமைப்புதான். அந்த நேரத்தில் விரல்கள் 6 மணியிலிருந்து 5, 4 மணிப் பக்கம் லேசாக நகர்ந்து, பந்தின் வலது பக்கத்தைத் தொட்டபடி மேல்நோக்கி வெளியே வருகின்றன. கட்டைவிரல் 10, 11 மணியைக் காட்டிக்கொண்டிருக்கும். முடிக்கும்போது கை எதிரே நிற்கிற ஒருவருக்குக் கைகுலுக்க நீட்டியது போல இருக்க வேண்டும். ஆமாம், அவ்வளவு சின்ன அசைவுதான். கதவின் குமிழைத் திருப்புகிற மாதிரி முழுச் சுற்று எல்லாம் கிடையாது.

சரியாக வந்ததா என்பது விரலுக்கே தெரியும். தப்பாக விட்டால் மூன்று விரலும் ஒரே நேரத்தில் 'தொப்' என்று காலியாகிவிடும், பந்து கையை விட்டுப் போய்விட்டது என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றாது. சரியாக வந்தால் கட்டைவிரல் போனதற்கும் மற்ற விரல்கள் போனதற்கும் நடுவில் ஒரு நூலிழை இடைவெளி இருக்கும், அந்த இடைவெளியில் நடுவிரல், மோதிரவிரல் நுனிச் சதையில் பந்தின் முழுக் கனமும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகும். எனக்கு அது முதன்முதலில் வந்தபோது பந்து எங்கே போகிறது என்று பார்க்கக்கூட மறந்துபோய் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து என்னவோ பின்களில் பாதியைத்தான் சாய்த்தது.

முறுக்குகிறவர்களுக்கு என்ன ஆகிறது? கை பந்தின் பக்கத்திலிருந்து மேலே ஏறிவிடுகிறது, முடிக்கும்போது உள்ளங்கை தரையைப் பார்க்கும், கட்டைவிரல் கீழே குத்திக்கொண்டிருக்கும். பந்து சுழலத்தான் செய்யும், பார்க்கவும் அட்டகாசமாக இருக்கும், ஆனால் அது பம்பரம் சுழல்கிற மாதிரி நின்ற இடத்துச் சுழற்சி. பம்பரத்தின் ஆணி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் பம்பரம் எந்தப் பக்கமும் ஓடுவதில்லையே, அதே கதைதான். தரையில் படுகிற புள்ளி பக்கவாட்டில் உரசினால்தான் பந்து திரும்பும். போதாக்குறைக்கு இப்படி முறுக்குவது மணிக்கட்டையும் முழங்கையையும் பதம் பார்த்துவிடும். இதில் நான் அனுபவஸ்தன்.

மணிக்கட்டு எப்படி இருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். நேராக, உறுதியாக இருந்தால் போதும். பின்பக்கமாக மடிந்து தொங்கக் கூடாது, அப்படித் தொங்கினால் கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒன்றாகவே வெளியே வந்துவிடும். உள்பக்கமாகக் கிண்ணம் மாதிரி மடித்துப் பிடிப்பவர்கள் நிறையச் சுழற்சி எடுப்பார்கள், ஆனால் அதற்குப் பலம் வேண்டும், பின்னால் பார்த்துக்கொள்ளலாம். முழங்கை விலாவை ஒட்டியே வரட்டும். அது கோழி இறக்கை மாதிரி வெளியே விரிந்துவிட்டால் கை தானாகவே பந்தின் மேல் ஏறிவிடும்.

இரண்டு கையால் விடுகிறார்களே, அது? ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்ட் அப்படி விட்டே 15 மேஜர் பட்டங்கள், அதாவது மிகப் பெரிய போட்டிகளின் பட்டங்கள், வென்றிருக்கிறார். சின்னக் குழந்தையாக இருந்தபோது ஒரு கையால் பந்தைத் தூக்க முடியாமல் இரண்டு கையால் தள்ளிப் பழகியவர், பெரியவரான பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த முறையில் கட்டைவிரலைத் துளையில் போடுவதே இல்லை, அதனால் 'எப்போது வெளியே வரும்' என்ற பிரச்சினையே கிடையாது, சுழற்சி கொட்டும். ஆனால் முதுகும் இடுப்பும் வளைய வேண்டும், காலடிப் பழக்கம் முழுக்க வேறு. பிடித்திருந்தால் அதையே தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள், தப்பில்லை. இரண்டையும் கலந்து, ஒரு கையால் கட்டைவிரல் போடாமல் விடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். பெரிதாக வளையும், ஆனால் வளைவு நாளுக்கு ஒரு மாதிரி இருக்கும், கனத்த பந்து என்றால் மணிக்கட்டு தாங்காது.

பழகுவது

லேனுக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு டென்னிஸ் பந்தை வைத்துப் பழகலாம். உள்ளங்கை மேலே பார்க்கப் பிடித்து, கையைத் தாழ வீசி, விரல்களால் வலப்பக்கத்தை மேல்நோக்கித் தடவிவிட்ட மாதிரி உருட்டுங்கள். தரையில் பட்டதும் இடது பக்கம் திரும்பினால் அசைவு சரி. நூறு தடவை செய்தாலும் கை வலிக்காது.

லேனில் ஆட்கள் குறைவாக இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். நடந்து வந்து விடாமல், ஃபவுல் லைனைத் தொடாமல் ஓரடி இந்தப் பக்கமாகவே இடது காலை முன்வைத்து நின்றுகொண்டு, கையை முன்னும் பின்னும் இரண்டு தடவை ஊஞ்சலாட்டி மூன்றாவதில் விடுங்கள். பின்கள் விழுகிறதா என்று பார்க்கவே வேண்டாம். வெள்ளை டேப் ஒரு துண்டு எடுத்து விரல் துளைகளுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. பந்து போகும்போது அந்த வெள்ளைக் கோடு எப்படிச் சுற்றுகிறது என்று பாருங்கள். சக்கரம் போல முன்னோக்கியே உருண்டால் பக்கச் சுழற்சி இல்லை. பம்பரம் போல மேலே நின்று சுழன்றால் கை மேலே ஏறியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், இடது பக்கம் பார்த்துச் சாய்ந்து உருண்டால் அதுதான் வேண்டியது. யாரையாவது பின்னால் நின்று கைபேசியில் மெதுவோட்டமாக எடுக்கச் சொன்னால் கட்டைவிரலும் தெரியும், டேப்பும் தெரியும். பத்துப் பேர் சொல்லும் அறிவுரையை விட அந்த ஒரு வீடியோ மேல்.

அது கைக்கு வந்த பிறகு நாலு அடி நடை. முதல் அடியில் பந்தை முன்னால் நீட்டுவது, இரண்டாவதில் அது கீழே விழுந்து காலருகே வருவது, மூன்றாவதில் பின்னால் உச்சிக்குப் போவது, நாலாவதில் இடது கால் சறுக்க, கை முன்னால் வர, பந்தை விடுவது. கையைத் தள்ள வேண்டாம், பந்தின் கனமே ஊஞ்சலைப் பார்த்துக்கொள்ளும். கையால் தள்ளினால் உடம்பு அவசரப்படும், கட்டைவிரல் பயந்து இறுக்கும்.

எங்கே குறி பார்ப்பது

பின்களைப் பார்க்காதீர்கள். ஃபவுல் லைனுக்கு அப்பால் பன்னிரண்டு, பதினைந்தடி தூரத்தில் ஏழு அம்புக்குறிகள் இருக்கும், ஐந்து பலகைக்கு ஒன்று. வலது ஓரத்திலிருந்து இரண்டாவது அம்பு பத்தாம் பலகை. தொடங்குகிறவர்கள் அதன்மேல் பந்தை ஓட்டினால் போதும். பந்து கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தே அதைக் கடக்கட்டும். திரும்பி வந்துவிடும் என்று நம்ப வேண்டும், இந்த நம்பிக்கைதான் கஷ்டம். பந்து கட்டர் பக்கம் போகும்போது நம் கை தானாகவே அதை உள்ளே இழுக்கப் பார்க்கும்.

பந்து இடது பக்கம் அதிகமாகத் திரும்பி முதல் பின்னின் நெற்றியிலோ அதையும் தாண்டியோ அடித்தால் நீங்களும் இடது பக்கம் நகர வேண்டும். தலைகீழாகத் தோன்றும், எனக்கும் முதலில் மண்டையில் ஏறவில்லை. அம்பை மாற்றாமல் கால் மட்டும் இடது பக்கம் போனால் அந்த அம்பின் மேல் போகிற கோடு வலது பக்கம் சாய்ந்துவிடும், பந்து திரும்பி வர இன்னும் தூரம் எடுத்துக்கொள்ளும். பந்து எந்தப் பக்கம் தப்பியதோ அந்தப் பக்கமே காலையும் நகர்த்துங்கள், இரண்டிரண்டு பலகையாக. ஒரு பந்து தப்பியதற்காக நகர வேண்டாம், கை சரியாக வந்தும் இரண்டு மூன்று தடவை ஒரே பக்கம் தப்பினால் மட்டும் நகருங்கள்.

இன்னொன்றும் நடக்கும். முதல் ஆட்டத்தில் அழகாகப் பாக்கெட்டுக்குப் போன பந்து இரண்டாவது ஆட்டத்தில் முன்கூட்டியே திரும்பி நெற்றியில் மோதும். நீங்கள் ஒன்றும் மாற்றியிருக்க மாட்டீர்கள். எல்லோர் பந்தும் போய்ப் போய் அந்தத் தடத்தில் எண்ணெய் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். எண்ணெய் எங்கே போனது என்று பார்க்க வேண்டுமானால் திரும்பி வந்த உங்கள் பந்தைப் பாருங்கள், வளையம் வளையமாக மினுக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள், இடது பக்கம் இரண்டு பலகை நகர்ந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, ஹூக் கைக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில் எல்லோரும் செய்கிற கூத்து, மூலையில் தனியாக நிற்கிற பத்தாம் பின்னையும் ஹூக்காலேயே பிடிக்கப் போவது. அது வலது கோடியில் நிற்கிறது, உங்கள் பந்தோ இடது பக்கம் திரும்புகிறது, கட்டருக்கும் பின்னுக்கும் நடுவில் இருக்கிற இடம் கை அகலம் கூட இல்லை. தனியாக நிற்கிற பின்னுக்கு நேர்ப் பந்துதான் சரி. லேனின் இடது பக்கம் போய் நின்றுகொண்டு, குறுக்காக, நடு அம்பின் மேல் விடுங்கள். சொந்தப் பந்து வைத்திருப்பவர்களும் இதற்கு அடுக்கிலிருந்து வழுக்கும் பிளாஸ்டிக் பந்தைத்தான் எடுப்பார்கள். உள்ளங்கை கடைசி வரை மேலே பார்த்தபடியே இருக்கட்டும், விரல் 6 மணியை விட்டு நகரக் கூடாது. இத்தனை நாள் 4 மணிக்குப் பழக்கிய விரல் அங்கேயே நிற்க மறுக்கும், டென்னிஸ் பந்தை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.